எல்க் ஹாலோவில் வாங்கிய ஒரு வாரம்

ஹேஸ்டிங்ஸ், நெப்ராஸ்கா
மார்ச் மாதக் கடைசி

அன்பு மகள் கெண்ட்ராவுக்கு அம்மா ஆசையோடு எழுதிக்கொள்வது. நீயும் மாப்பிள்ளை கிராண்ட்டும் சளி காய்ச்சல் இல்லாமல் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கும் எல்லோரும் சௌக்கியம் என்பதுதான் அடுத்த வரி, நீ நியூசிலாந்து போன நாளிலிருந்து எழுதிப் பழகிய கை, இன்று அந்த வரி வரமாட்டேன் என்கிறது. போனில் சொல்லிவிடலாம் என்று எத்தனையோ தடவை எடுத்தேன். நீ அம்மா அழாதே என்பாய், நான் அழுவேன், கடைசியில் மழை பெய்ததா பனி பெய்ததா என்று பேசிவிட்டு வைத்துவிடுவோம். காகிதம் குறுக்கே பேசாது. அதனால் காபி போட்டு வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். நீயும் உட்கார்ந்தே படி.

முதல் காரியமாக ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அந்த மனிதனுடைய கண்ணைக் கெடுத்தது உன் அண்ணன் வேட் இல்லை. உன் அப்பா போனில் உன்னிடம் சொன்னது பொய். நீ அதை நம்பி வேட்டைக் கூப்பிட்டு "நீ மனுஷனா மிருகமா, இனிமே எனக்கு அண்ணனே கிடையாது" என்று கத்தினாயாம், உன் அண்ணி ஷானா சொன்னாள். அவன் போனைக் காதில் வைத்தபடி சமையலறையில் நின்றானாம், நீ வைத்த பிறகும் அப்படியே நின்றானாம். உன்மேல் எனக்குக் கோபம் இல்லை. உனக்குச் சொன்னவர்மேல்தான் கோபம். அது எவ்வளவு கோபம் என்று இந்தக் கடிதம் முடிவதற்குள் தெரிந்துகொள்வாய்.

எல்லாம் அந்த டைம்ஷேரில் ஆரம்பித்தது. உன் அப்பாவுக்குப் பழைய ஆசை அது, உனக்குத் தெரியும். குடும்பத்தோடு வருஷா வருஷம் பிப்ரவரியில் கொலராடோ போய்ப் பனிச்சறுக்கு விளையாட வேண்டும், ஆனால் ஹோட்டல்காரனுக்குப் பணம் அழமாட்டார். ஒரு தடவை பனிமலை உச்சிக்கு ஏற்றிவிடும் லிஃப்ட்டுக்கு இலவச டிக்கெட் என்றதும் ஆசைப்பட்டு டைம்ஷேர் கம்பெனிக்காரர்களின் கூட்டத்துக்குப் போய், காலை முழுக்க அவர்கள் கெஞ்சியும் மிரட்டியும் பார்க்க, கையெழுத்துப் போடாமல் டிக்கெட்டோடு வெளியே வந்தார் அல்லவா, அது அவருக்குப் போரில் ஜெயித்த மாதிரி. அதிலிருந்து ஒரே பேச்சு. "கம்பெனிகிட்ட வாங்கறவன் முட்டாள், அந்த முட்டாளு சலிச்சுப்போய் விக்கும்போது வாங்கறவன் புத்திசாலி." அவரோடு பௌலிங் ஆடுகிற வெர்ன் டூஸெக்கிடம் கொலராடோ மலையில் எல்க் ஹாலோ என்ற விடுதியில் ஒரு வாரம் இருந்தது. வருஷத்தில் அந்த ஒரு வாரம் மட்டும் அந்த வீடு அவருடையது, மற்ற வாரமெல்லாம் யார் யாருடையதோ. இரண்டு குளிர்காலத்துக்கு முன்னால் நாங்களும் அந்தப் பக்கம் போயிருந்தபோது எங்களை ஒரு நாள் அங்கே சாப்பிடக் கூப்பிட்டிருந்தார். கல்லால் கட்டிய கணப்பு, அதற்கு எதிரே பெரிய சோபா, பால்கனியில் வெந்நீர்த் தொட்டி, இந்தப் பக்கம் இன்னொரு அறை, அதில் சின்ன அடுப்பு, நடுவே ஒரு கதவு ஆவென்று திறந்து கிடந்தது. வெர்ன் முட்டிவலியால் இனி மலை ஏற முடியாது, விற்கிறேன் என்று சொன்னதும் உன் அப்பா பாய்ந்துவிட்டார். சும்மா கொடுக்கிற மாதிரி விலை. இவ்வளவு பெரிய வீடு இந்த விலைக்கு எப்படி, ஒரு வார்த்தை கேளுங்களேன் என்று நான் சொன்னேன். "வாய மூடிட்டு இரு மார்லிஸ். கேள்வி கேட்டா கெழவன் உஷாராயிடுவான். எவ்வளவு சல்லிசா விக்கறோம்னு அவனுக்கே தெரியல" என்றார். கேட்கவே இல்லை. அந்த வீட்டை நடுக்கதவைப் பூட்டி இரண்டாக்கித் தனித்தனியாக விற்பார்கள், அதிலே சின்னப் பக்கம்தான் வெர்னுடையது, நாங்கள் போன அன்று பெரிய பக்கம் அவர் மச்சினியின் கையில் இருந்தது, அதனால்தான் கதவு திறந்திருந்தது. கேட்டிருந்தால் வெர்ன் சொல்லியிருப்பார், அவர் ஏமாற்றுகிற ஆள் இல்லை. கேட்டால் விலை ஏறிவிடும் என்று உன் அப்பா கேட்கவில்லை.

இந்தப் பிப்ரவரியில் முதல் தடவையாக அங்கே போனோம். வெள்ளிக்கிழமை சாயங்காலம்தான் சாவி கொடுப்பார்கள். விடியற்காலை கிளம்பி, வழியில் நார்த் பிளாட் ஊரில் வேட்டின் வண்டியோடு சேர்ந்துகொண்டு, சுரங்கப்பாதையில் மாட்டி ஊர்ந்து ஊர்ந்து போய்ச் சேர்ந்தோம். நான் ஒரு பெரிய பானை நிறைய மாட்டிறைச்சியும் பீன்ஸும் போட்ட சில்லி, ஒரு தட்டு லவங்கப்பட்டை ரோல் எல்லாம் செய்து எடுத்துப் போயிருந்தேன். உன் அப்பா வழியெல்லாம், எங்கள் வண்டியில் ஏறிக்கொண்ட வேட்டின் மகள் டெலேனியிடம் கணப்பைப் பற்றியும் வெந்நீர்த் தொட்டியைப் பற்றியும் பேசிக்கொண்டே வந்தார். சாவி போட்டுத் திறந்தால் சின்ன அறை. இழுத்தால் கட்டிலாகிற ஒரு சோபா, ஒற்றை அடுப்பு, ஒரு குளியலறை. நாங்கள் ஐந்து பேர். நடுக்கதவு பூட்டியிருந்தது. உன் அப்பா கீழே அலுவலகத்துக்குப் போனார், போனவர் நெடுநேரம் கழித்து முகமெல்லாம் சிவந்து வந்தார். "ஏதோ குளறுபடி பண்ணி வச்சிருக்கானுங்க, நாளைக்கு சரியாயிடும்" என்றார். அங்கிருந்த பெண் இவருக்குத் தெளிவாகச் சொல்லியிருக்கிறாள், நீங்கள் வாங்கியது இவ்வளவுதான், அந்தப் பக்கம் வேறு குடும்பத்துடையது என்று. அதை எங்களிடம் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. அன்றைக்குச் சொல்லியிருந்தால் சிரித்து முடித்திருப்போம், சத்தியமாகச் சொல்கிறேன், நான் ஒரு வருஷத்துக்குக் கிண்டல் செய்திருப்பேன், அதோடு போயிருக்கும்.

சனிக்கிழமை மலையில் நன்றாகத்தான் இருந்தது. சாயங்காலம் திரும்பி வந்து ஒருவர் குளிக்க நால்வர் ஈர உடையோடு நிற்கிறோம். கதவுக்கு அந்தப் பக்கம் ஸ்டீக் வாட்டுகிற வாசனை, பாட்டு, சிரிப்பு. டெக்சாஸ்காரர்கள், ராண்டல் என்று ஒரு மனிதன், அவன் மனைவி டீனா, இரண்டு குழந்தைகள். ஷானா டெலேனியை அழைத்துக்கொண்டு கீழே நீச்சல் குளத்துக்குப் போனாள், டீனாவும் தன் குழந்தைகளோடு அங்கேதான் இருந்தாள். மேலே நாங்கள் மூன்று பேர். நான் சில்லியைச் சூடு பண்ணிக்கொண்டிருந்தேன். வேட் பீர் குடித்துக்கொண்டே, "அப்பா, நீ வாங்கினது வீடு இல்லப்பா, வீட்டோட அலமாரி. பெரிய வீட்டுக்காரன் கோட்டு மாட்டற எடத்துல நாம அஞ்சு பேரு தொங்கிட்டு இருக்கோம்" என்றான். நான் சிரித்துவிட்டேன். உன் அப்பா சிரிக்கவில்லை. எழுந்து போய், கழற்றிப் போட்டிருந்த பனிச்சறுக்குப் பூட்ஸை எடுத்து அதால் நடுக்கதவை இடித்தார். "டேய், எவன்டா உள்ள? என் வீட்டுல ஒக்காந்துகிட்டு என்னடா கும்மாளம்?" என்றார். அந்தப் பக்கம் பாட்டு நின்றது. "பெரியவரே, இது நான் வாங்கின பக்கம். கீழ போய்க் கேளுங்க. கதவத் தட்டினா போலீஸக் கூப்பிடுவேன்" என்றான் அவன். மரியாதையாகத்தான் சொன்னான், அதையும் எழுதிவிடுகிறேன். உன் அப்பாவுக்கு அந்தப் பெரியவரே என்றதும் வெறி ஏறியது. உதைத்தார். வேட் "விடுப்பா, விடுப்பா" என்று தோளைப் பிடித்தான், அவனையும் முழங்கையால் இடித்துத் தள்ளிவிட்டு மறுபடி உதைத்தார். தாழ்ப்பாள் மரத்தோடு பிய்ந்து போய் விழுந்தது.

ராண்டல் காலுறையோடு நின்றிருந்தான், கையில் பீர் பாட்டில். உள்ளே நுழையப் போன உன் அப்பாவை நெஞ்சில் கைவைத்துத் தள்ளினான். ரத்தக்குழாய் அடைப்புக்கு ஸ்டென்ட் வைத்த நெஞ்சு. அவர் பின்னால் போய் சோபாக் கட்டிலின் இரும்புச் சட்டத்தில் இடித்து விழுந்தார். அவ்வளவுதான், வேட் பாய்ந்துவிட்டான். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்கு மல்யுத்தம் சொல்லித்தருகிறவன், அந்த ஆளை இடுப்போடு தூக்கித் தரையில் போட்டான். ராண்டல் பாட்டிலால் அவன் புருவத்தில் அடித்தான், கண்ணாடி உடைந்து புருவம் கிழிந்து ரத்தம் கண்ணை மறைத்தது. இரண்டு பேரும் உருண்டார்கள், மேஜையில் இடித்தார்கள், என் சில்லிப் பானை கவிழ்ந்து கம்பளமெல்லாம் கொட்டியது, அதிலேயே புரண்டார்கள். வேட் முகத்திலும் விலாவிலும் குத்தினான். எத்தனை குத்து என்று தெரியாது, குத்தினான், மறைக்கமாட்டேன், நன்றாகவே குத்தினான். அந்த ஆள் இரண்டு கையையும் விரித்து "போதும், போதும்" என்றான். வேட் உடனே விட்டான், கெண்ட்ரா. உடனே விட்டான். எழுந்து முகத்தைத் திருப்பிச் சட்டையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு சுவரைப் பிடித்து நின்றான். சண்டை அதோடு முடிந்தது. அதற்கப்புறம்தான் உன் அப்பா எழுந்தார். கீழே கிடந்த பூட்ஸை எடுத்தார், அது எவ்வளவு கனம் என்று உனக்குத் தெரியும், செங்கல்லுக்குள் கால் விட்டது போல இருக்கும். கீழே மல்லாந்து கிடந்தவன் முகத்தில் இறக்கினார். எலும்பு உடைகிற சத்தம் எனக்குக் கேட்டது. மறுபடி இறக்கினார். மூன்றாவது தடவை ஓங்கியபோது நான் கொதிக்கிற சில்லி ஒழுகும் கரண்டியால் அவர் கையில் அடித்தேன், பலம்கொண்ட மட்டும் அடித்தேன், விரலெல்லாம் வெந்துபோய் பூட்ஸைக் கீழே போட்டார். அப்போது அவர் என்னைப் பார்த்த பார்வை, இத்தனை வருஷத்தில் நான் பார்க்காதது. அடுத்து என்னைத்தான் அடிக்கப் போகிறார் என்று நினைத்தேன். அடித்திருந்தால் அடுத்த கரண்டி தலையில் விழுந்திருக்கும்.

வேட் திரும்பிப் பார்த்தான், உடனே மண்டியிட்டுத் துண்டை எடுத்து அந்த ஆளின் முகத்தில் அழுத்திப் பிடித்துக்கொண்டு போலீஸைக் கூப்பிடு அம்மா என்றான். டீனா குளத்திலிருந்து வந்து கதவில் நின்றபோது பார்த்தது அதைத்தான், தன் புருஷன்மேல் குனிந்து ரத்தக் கையோடு ஒருவன். அவள் போட்ட கூச்சல் இன்னும் என் காதில் இருக்கிறது. ஷெரீஃப் ஆபீஸ் போலீஸ்காரர்கள் வந்து யார் அடித்தது என்று கேட்டார்கள். நான் வாயைத் திறப்பதற்குள் வேட் "நான்தான். எல்லாம் நான்தான்" என்றான். உன் அப்பா சோபாவில் உட்கார்ந்து வெந்த கையைப் பனிக்கட்டியில் வைத்துக்கொண்டு தரையைப் பார்த்தார். 

ஜாமீனில் வந்த அன்று வேட்டைத் தனியே பிடித்து ஏன்டா இப்படிச் செய்தாய் என்று கேட்டேன். "அம்மா, அவரு நெஞ்ச வச்சுகிட்டு ஜெயில்ல ஒரு குளிர்காலம் தாங்கமாட்டாரு. எப்படியும் நானும் அடிச்சவன்தானே. கைகலப்புன்னு சொல்லி அபராதம் போட்டு விட்ருவாங்க" என்றான். நானும் அதைத்தான் நம்பினேன். ஆனால் ராண்டலை ஹெலிகாப்டரில் டென்வருக்குக் கொண்டுபோனார்கள், கன்னத்து எலும்பு நொறுங்கிவிட்டது, இடது கண் போய்விட்டது. பிழைத்துக்கொண்டான், ஆனால் கீழே விழுந்ததற்குப் பிறகு நடந்தது எதுவும் அவனுக்கு நினைவில்லை. அரசு வக்கீல் இது கைகலப்பு இல்லை, விழுந்து கிடந்தவனை ஆயுதத்தால் தாக்கியது, பல வருஷம் ஜெயில் என்று சொல்லிவிட்டார். பள்ளிக்கூடம் வேட்டை வீட்டுக்கு அனுப்பிவிட்டது. அவன் பழக்கிய பையன்கள் மாநிலப் போட்டிக்குப் போனபோது இவன் கராஜில் உட்கார்ந்திருந்தான். டெலேனியிடம் பள்ளியில் ஒரு பெண் "உங்க அப்பா கண்ணப் பிடுங்கறவர்தானே" என்று கேட்டாளாம், அந்தப் பெண்ணின் மூக்கை இவள் உடைத்துவிட்டு வந்தாள். பார், அது எங்கே போய் நிற்கிறது என்று.

இத்தனைக்கும் உன் அப்பா என்ன செய்துகொண்டிருந்தார் என்று கேள். தினமும் காலையில் எல்க் ஹாலோவுக்குப் போன் போட்டு மீதி அறையைப் பற்றி வழக்காடிக்கொண்டிருந்தார். ஒரு மனுஷனுக்குக் கண் போயிற்று, சொந்த மகனுக்கு வாழ்க்கை போகப்போகிறது, இவருக்குக் கணப்பு எங்கே, வெந்நீர்த் தொட்டி எங்கே. வெர்ன் டூஸெக் விஷயம் கேட்டு வீட்டுக்கே வந்து, "லீராய், நீ கேட்டிருந்தா சொல்லியிருப்பேனேப்பா" என்று அழுதார், அவரைக் கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளினார். நான் ஒரு நாள் நேராகவே சொன்னேன், நீங்கள் போய் உண்மையைச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் நான் சொல்வேன் என்று. "அவன் சின்னவன், தாங்கிக்குவான். அவன் கிண்டல் பண்ணதாலதானே எல்லாம் ஆச்சு" என்றார்.  பெற்ற பிள்ளை இவருக்காகத் தலையைக் கொடுக்கிறான், இவர் கொஞ்சம்கூட வெட்கமில்லாமல் அதை வாங்கிக்கொண்டு, அவன்மேலேயே பழியும் போடுகிறார். நான் கையிலிருந்த தட்டைச் சுவரில் எறிந்தேன். அவர் காபிக் குடுவையை எறிந்தார். பக்கத்து வீட்டுக்காரி எட்டிப் பார்த்தாள், பார்க்கட்டும் என்று இன்னும் இரண்டு தட்டை எறிந்தேன்.

மறுநாள் காலையில் நான் கொலராடோ போகிறேன் என்று சொன்னேன். ஒளிந்து போக எனக்கு இஷ்டம் இல்லை. என் கார் சாவியை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். நான் அவருடைய பிக்கப்பில் ஏறினேன், அதன் சாவி எப்போதும் அதிலேயே கிடக்கும். அவர் ஓடிவந்து பின்னால் கையை விரித்து நின்றார். "ஏத்துடி பாக்கலாம்" என்றார். நான் ரிவர்ஸில் போட்டு மிதித்தேன். அவர் குதித்து விலகினார், தபால் பெட்டிதான் போயிற்று. அவர் விலகியிருக்காவிட்டால் நான் நிறுத்தியிருப்பேனா என்று வழியெல்லாம் யோசித்தேன். நிறுத்தியிருக்கமாட்டேன். அது எனக்கே பயமாக இருக்கிறது, உன்னிடம் மட்டும் சொல்கிறேன்.

அங்கே போலீஸில் ஒரு பெண் துப்பறிவாளர், உன் வயதுதான் இருக்கும், "புருஷனுக்கு எதிரா பேசறீங்க, நல்லா யோசிச்சிட்டீங்களாம்மா" என்று கேட்டாள். யோசித்ததால்தான் இவ்வளவு தாமதம் என்றேன். பார்த்ததையெல்லாம் சொன்னேன். வேட் குத்தியதையும் சொன்னேன், அவன் விட்டதையும் சொன்னேன், கரண்டியையும் சொன்னேன். வேட்டுக்குத் தண்டனையே இல்லாமல் போகாது, ஆனால் குத்தியதற்கு மட்டும்தான், அது பல வருஷமாக இராது என்று அவன் வக்கீல் சொல்கிறார். அதைக் கேட்டு அவன் சந்தோஷப்படுவான் என்று நினைத்தாயா? நேராக வந்து என் முன்னால் நின்று, "நீ அப்பாவக் கொன்னுட்டம்மா" என்றான். அன்றிலிருந்து என்னோடு பேசுவதில்லை. ஷானாதான் எனக்கு அவர்கள் வீட்டில் ஒரு அறை கொடுத்து வைத்திருக்கிறாள். அவன் மேஜைக்கு வருகிறான், சாப்பிடுகிறான், தட்டைக் கழுவி வைத்துவிட்டுப் போய்விடுகிறான்.

நீயும் கிராண்ட்டும் அங்கே குவீன்ஸ்டவுனில் யாரோ விற்கிற ஒரு டைம்ஷேர் வாரத்தைப் பார்த்து வைத்திருப்பதாகப் போன தடவை எழுதியிருந்தாய். வேண்டாம் என்று சொல்ல எனக்கு உரிமை இல்லை, பனியில் குழந்தைகளோடு சறுக்குவது நல்ல விஷயம்தான். ஆனால் கூச்சப்படாமல் எல்லாம் கேள். எந்தக் கதவு யாருடையது, பூட்டினால் நமக்கு மிஞ்சுவது எவ்வளவு, வருஷா வருஷம் என்ன கட்ட வேண்டும், வேண்டாமென்றால் எவன் வாங்குவான், எல்லாம். விற்கிறவன் சிரித்தால் சிரிக்கட்டும். இங்கே எங்களுடையதை இனாமாகக் கொடுக்கிறேன் என்றாலும் வாங்க ஆள் இல்லை, வெர்ன்கூடக் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டார். அடுத்த பிப்ரவரியிலும் அந்த அறை நம்முடையதுதான். கதவைப் புதிதாகப் போட்டுவிட்டு அதற்கும் நமக்கே பில் அனுப்பியிருக்கிறார்கள்.

போன வாரம் உன் அப்பாவைக் கைது செய்தார்கள். கொலராடோவுக்குக் கூட்டிக்கொண்டு போகும்வரை நம் ஊர்ச் சிறையில்தான் இருக்கிறார். அங்கிருந்து ஒரு போன் பேச விட்டிருக்கிறார்கள், வக்கீலைக் கூப்பிடாமல் என்னைக் கூப்பிட்டார். திட்டப்போகிறார் என்று நினைத்தேன். "மாத்திரை டப்பாவ விட்டுட்டு வந்துட்டேன்" என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்துவிட்டார். நம் வீட்டுக்குப் போய், அன்று எறிந்த குடுவையின் கண்ணாடித் துண்டுகளைத் தாண்டி அலமாரியிலிருந்து எடுத்தேன். காலையில் எது, ராத்திரியில் எது என்று ஒவ்வொரு டப்பாவிலும் எழுதி ஒட்டினேன், அங்கே யாருக்குத் தெரியும். சிறைக்குக் கொண்டுபோனேன், அங்கே ஜன்னலில் இருந்த பையன் உள்ளே போய்க் கேட்டுவிட்டு வந்து, உங்களைப் பார்க்க அவருக்கு இஷ்டம் இல்லையாம், மாத்திரையை மட்டும் கொடுக்கச் சொல்கிறார் என்றான். கொடுத்துவிட்டு வண்டியில் உட்கார்ந்து ஸ்டீயரிங்கை அடித்து அடித்து அழுதேன், உள்ளங்கை கன்னிப்போயிற்று. அப்புறம் திரும்ப ஜன்னலுக்குப் போய், அந்த வெள்ளை மாத்திரையை வெறும் வயிற்றில் கொடுத்துவிடாதீர்கள் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

நீ யார் பக்கமும் நிற்க வேண்டாம், அவ்வளவு தூரத்திலிருந்து எந்தப் பக்கமும் சரியாகத் தெரியாது. கிளம்பி வருகிறேன் என்று டிக்கெட் போடவும் வேண்டாம். இந்தக் கடிதத்தை மடித்து வைத்த கையோடு வேட்டுக்குப் போன் பண்ணு, மறந்துவிடாதே. அவன் எடுக்கமாட்டான். எடுக்கும்வரை போன் அடி. உன்னிடமாவது பேசட்டும். நீயும் கிராண்ட்டும் நோய்நொடியில்லாமல், ஒருவர்மேல் ஒருவர் கை ஓங்காமல், நீண்ட நாள் சேர்ந்து வாழ வேண்டும் என்று அம்மா மனதார வாழ்த்துகிறேன்.

அன்பு முத்தங்களுடன்,
உன் அம்மா
மார்லிஸ்